காயத்ரி என்ற பெயரில் என்ன தப்பு?



இன்னைக்கு டெங்கு, தடுப்பூசி, இருமல் மருந்து எதுவும் கிடையாது. ஆன்லைன் கேம்ல பேரு வைக்கிறதைப் பற்றி ஒரு நீளமான பதிவு. "குழந்தைகள் டாக்டருக்கு இதுல என்ன வேலை?"ன்னு கேட்பீங்க. இருக்கு. பாதி தூரம் வந்தால் புரியும். கொஞ்சம் பொறுமையா படிங்க.

முதல்ல ஒரு சின்ன புதிர்.

காயத்ரி, ஹர்ஷிதா, முகுந்தன், நாஸிமா, ஹஸன், டைட்டஸ். இந்த ஆறு பேருக்கும் ஒரு ஒற்றுமை இருக்கு. என்ன சொல்லுங்க?

ஆறு பேரையும் ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்க. காயத்ரியின் முதல் மூன்று எழுத்து, ஒரே பாலின ஈர்ப்பு உள்ளவர்களைக் குறிக்கிற ஆங்கிலச் சொல். ஹர்ஷிதாவுக்கு நடுவில் நாலு எழுத்து, நாங்க டாக்டர்கள் லேபுக்கு டப்பாவில் கொடுத்தனுப்பச் சொல்ற சமாச்சாரம். நாஸிமாவை சிலர் எழுதுகிற ஸ்பெல்லிங்கில் ஹிட்லர் கட்சிக்காரன் ஒருத்தன் உள்ளே உட்கார்ந்திருக்கான். ஹஸனிலும் டைட்டஸிலும் உடம்பின் சில பாகங்கள். முகுந்தனைப் பற்றி நான் எதுவும் சொல்றதா இல்லை. பெருமாள் பேரு.

கேம் கணக்கு தொடங்கும்போது "உங்கள் பெயரை இடவும்" என்று ஒரு கட்டம் வரும். இந்த ஆறு பேரும் தங்கள் பெயரை அதில் போட்டால், பல கேம்களில் சிவப்பில் ஒரு வரி வந்து நிற்க வாய்ப்பு உண்டு: இந்தப் பெயர் ஏற்றுக்கொள்ளத்தக்கதல்ல, வேறு பெயர் தேர்ந்தெடுக்கவும்.

ஏன்? உள்ளே ஒரு தடைப்பட்டியல் இருக்கு. கெட்ட வார்த்தைகளின் பட்டியல். நீங்க போட்ட பேருக்குள்ள அந்த எழுத்து வரிசை எங்கேயாவது வருதான்னு கம்ப்யூட்டர் தேடும். வந்தா கதவு மூடிரும். அந்த எழுத்துகள் ஒரு தனிச் சொல்லா, இல்லை வேறொரு சொல்லுக்குள்ள மாட்டிக்கிட்ட துண்டான்னு அதுக்குத் தெரியாது. அதுக்கு எழுத்துதான் தெரியும், பேரு தெரியாது.

இது ரொம்பப் பழைய வியாதி. இதுக்கு ஒரு பேரும் உண்டு. ஸ்கன்தார்ப் பிரச்சினை.

ஸ்கன்தார்ப் என்பது இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் பகுதியில் இருக்கிற ஒரு ஊர். இரும்பாலை ஊர். 1996-இல் அந்த ஊர்க்காரர்கள் ஏஓஎல் இணையச் சேவையில் கணக்கு தொடங்கப் போனால் முடியவில்லை. ஊர்ப் பேருக்குள்ள நாலு எழுத்து ஆங்கிலக் கெட்ட வார்த்தை ஒன்று இருந்ததுதான் காரணம். (நம்ம முகுந்தனுக்கு வர்ற அதே பிரச்சினை, ஒரு எழுத்து மட்டும் வேற.) புகார் போனதும் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? ஊர்ப் பேரில் ஒரு எழுத்தை மாற்றி 'ஸ்கான்தார்ப்' என்று பதிவு பண்ணிக்கச் சொன்னது. மென்பொருளுக்காக ஒரு ஊரே பேரை மாத்திக்கணும்!

இதைவிட வேடிக்கை போகிமான் கேமில். அதில் கோஃபாக்ரிகஸ் என்று ஒரு உருவம் வரும். எகிப்து சவப்பெட்டி மாதிரி இருக்கும். 2011-இல் மேலை நாடுகளில் வெளிவந்த பிளாக், ஒயிட் பதிப்புகளில், இணையத்தில் அந்த உருவத்தை அதன் சொந்தப் பெயரிலேயே பண்டமாற்று செய்ய முடியவில்லை. பேருக்குள்ள ஒரு வசைச்சொல் இருப்பதாக வடிகட்டி சொல்லிருச்சு. பேரு வச்சது யாரு? அதே கேம்காரங்க. அவங்க வச்ச பேரை அவங்க வடிகட்டியே பிடிச்சு நிறுத்துது. பசங்க அதுக்கு வேற செல்லப்பேரு வச்சுத்தான் மாற்றிக்கிட்டாங்க.

சிரிப்பா இருக்குல்ல? அடுத்தது அவ்வளவு சிரிப்பா இருக்காது.

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஃபோர்ட் கே என்று ஒரு சின்ன ஊர். காயத்ரியின் முதல் மூன்று எழுத்துதான் அந்த 'கே'. 2010 செப்டம்பரில் அந்த ஊர்ப் பையன் ஒருத்தன் எக்ஸ்பாக்ஸ் லைவ் கணக்கில் தன் ஊர்ப் பேரை எழுதி வச்சிருந்தான். கணக்கை முடக்கிட்டாங்க. அது நிஜமான ஊர்தான் என்று அவன் சொல்லியும் எடுபடலை. ஊர் மேயர் பேசிப் பார்த்தும் எடுபடலை. பத்திரிகையில் வந்த பிறகுதான் மைக்ரோசாஃப்ட் தவறை ஒத்துக்கிட்டுச் சரிசெய்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அதே ஆண்டு மார்ச்சில்தான் அதே கம்பெனி தன் விதியை மாற்றியிருந்தது. அதுவரைக்கும் ஒருத்தர் தன் பாலின ஈர்ப்பைத் தன் கேம் பேரிலோ விவரத்திலோ சொல்லிக்கொள்ளக் கூடாது என்று விதி. வசையாகப் பயன்படுத்துகிறவனைத் தடுக்கத்தான் அந்த விதி வந்தது. ஆனால் அடி விழுந்தது யார் மேல்? "நான் இன்னார்" என்று தன்னைப் பற்றிச் சொன்னவர்கள் மேல். திட்டினவனையும் திட்டு வாங்கினவனையும் ஒரே தட்டில் வச்சு நிறுத்துப் பார்க்கிற தராசு அது. விதியை மாத்தினாங்க, சரி. ஆனா பழைய பழக்கம் ஆறு மாசம் கழிச்சும் ஒரு ஊர்க்காரன் தலையில் வந்து விழுந்துச்சு.

இப்ப நம்ம துறைக்கு வர்றேன்.

நாங்க 'ஸ்கிரீனிங் டெஸ்ட்' என்று ஒன்று சொல்லுவோம். பிறந்த குழந்தைக்குக் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து தைராய்டு குறைபாடு இருக்கான்னு பார்ப்போமே, அது மாதிரி. எந்த ஸ்கிரீனிங்கிலும் ரெண்டு விதத் தப்பு வரும். நோய் இல்லாத குழந்தைக்கு 'இருக்கு' என்று வருவது ஒன்று. நோய் இருக்கிற குழந்தையை 'இல்லை' என்று விட்டுவிடுவது இன்னொன்று. ஒன்றைக் குறைக்கப் போனால் மற்றது ஏறும். ரெண்டையும் சேர்த்துக் குறைக்கிறது ரொம்பக் கஷ்டம்.

ஒரு கணக்கு போடுவோம். எண்கள் கணக்குக்காக நானே வைத்துக்கொண்டவை. ஒரு கேமில் 1,00,000 பேர் பெயர் பதிகிறார்கள். அதில் 1,000 பெயர்தான் நிஜமாகவே கெட்ட பெயர். மற்ற 99,000 நல்ல பெயர். வடிகட்டி ரொம்பக் கெட்டிக்காரன், இரண்டு பக்கமும் 99 சதவீதம் சரியாகச் சொல்லும் என்று வைத்துக்கொள்வோம்.

கெட்ட பெயர்களில் 990-ஐப் பிடித்துவிடும். நல்லது. ஆனால் நல்ல பெயர்களில் ஒரு சதவீதத்தைத் தப்பாகப் பிடிக்கும் அல்லவா? 99,000-இல் ஒரு சதவீதம், அதுவும் 990. ஆக, தடுக்கப்பட்ட 1,980 பேரில் சரிபாதி நிரபராதி. 99 சதவீதம் துல்லியமான வடிகட்டிக்கே இந்த நிலை.

இதுக்குத்தான் மருத்துவத்தில் ஸ்கிரீனிங் முடிவை வைத்து யாரிடமும் "உங்க குழந்தைக்கு நோய் இருக்கு" என்று நாங்க சொல்றதில்லை. சந்தேகம் என்போம். இரண்டாவது பரிசோதனை செய்வோம். அது உறுதியானால்தான் நோய். கேம் வடிகட்டிக்கு இரண்டாவது பரிசோதனையே கிடையாது. முதல் சந்தேகமே அதுக்குத் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை நேரா ஒரு குழந்தையின் முகத்துக்கு முன்னாடி சிவப்பு எழுத்துல காட்டும்.

சரி, இப்ப எங்க கிளினிக்குக்கு வாங்க. (அந்த வீட்டாரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

ஆறாம் வகுப்பு படிக்கிற ஒரு பையன். தம்பி என்றே சொல்கிறேன். ரெண்டு மாசமா வயித்து வலி. தொப்புளைச் சுத்தி வலிக்குதுன்னு கையை வச்சுக் காட்டுவான். சனி, ஞாயிறு சாயங்காலம் வரும். திங்கட்கிழமை காலையில் கண்டிப்பா வரும். பூச்சி மருந்து கொடுத்தாச்சு. ரத்தம், யூரின், மோஷன் எல்லாம் பார்த்தாச்சு. வேற இடத்தில் ஸ்கேனும் எடுத்தாச்சு. ஸ்கேன் ரிப்போர்ட்டில் குடலை ஒட்டிச் சில நெறிக்கட்டிகள் இருப்பதாக ஒரு வரி. அந்த ஒரு வரியைப் படிச்சுட்டு அம்மா மூணு நாளா சாப்பிடலை.

(பல குழந்தைகளுக்கு ஸ்கேனில் அந்த வரி வரும். சின்ன அளவில் இருந்தால், குழந்தை நல்லா வளர்ந்துக்கிட்டு இருந்தால், பெரும்பாலும் அதுக்கு ஒரு அர்த்தமும் இல்லை. தயவுசெய்து 'கட்டி' என்ற சொல்லைப் பார்த்ததும் இணையத்தில் தேடாதீங்க.)

எடை குறையலை. காய்ச்சல் இல்லை. ராத்திரி தூக்கத்தில் வலி வந்து எழுப்பலை. வயித்தை அமுக்கிப் பார்த்தேன், ஒண்ணும் இல்லை. பிரிஸ்டல் நகரத்தில் ஜான் ஆப்லி என்று ஒரு குழந்தைகள் மருத்துவர் இருந்தார். குழந்தைகளின் தொடர் வயிற்று வலியைப் பற்றி 1950-களிலேயே விரிவாக ஆராய்ந்தவர். வலி தொப்புளை விட்டு எவ்வளவு தூரம் தள்ளி இருக்கோ, அவ்வளவுக்கு உள்ளே உறுப்புக் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம் என்பது அவர் பெயரால் இன்னைக்கும் நாங்க சொல்ற ஒரு வாய்ப்பாடு. தம்பியின் வலி தொப்புள்லயே உட்கார்ந்திருந்தது.

"ஸ்கூல்ல ஏதாவது பிரச்சினையா கண்ணா?"

தலையை ஆட்டினான். இல்லையாம்.

"டீச்சர் அடிக்கிறாங்களா?"

இல்லை.

கூட வந்த அக்கா ஒன்பதாம் வகுப்பு. அவளைக் காயத்ரி என்று வைத்துக்கொள்வோம். சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு இருந்தவள் திடீரென்று சொன்னாள்: "டாக்டரம்மா, கேம்ல அவனை என்ன பண்றாங்கன்னு கேளுங்க."

தம்பி அக்காவை முறைச்சான். அவ கண்டுக்கலை. அம்மாவோட போனை வாங்கி எனக்கு நாலு ஸ்கிரீன்ஷாட் காட்டினா.

தம்பி ஒரு துப்பாக்கிச் சண்டை கேம் விளையாடுவான். வகுப்புப் பசங்க மூணு பேரும் அவனும் சேர்ந்து அறை போட்டு எதிரெதிர் அணியா விளையாடுவாங்க. அந்த மாதிரி கேமில் திரையின் ஓரத்தில் ஒரு வரி ஓடிக்கிட்டே இருக்கும். யாரு யாரைச் சுட்டு வீழ்த்தினாங்க என்ற அறிவிப்பு. அறைக்குள்ள இருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

தம்பியின் அப்பா நகராட்சியில் தூய்மைப் பணியாளர். வீடு வீடா வர்ற பேட்டரி வண்டி ஓட்டுறார்.

அந்த மூணு பசங்க தங்கள் கேம் பெயரை மாத்தி வச்சிருந்தாங்க. ஒருத்தன் பேரு 'மக்கும் குப்பை'. இன்னொருத்தன் 'மக்காத குப்பை'. மூணாவது பையன், தம்பியோட அப்பா பேரை எழுதி, பின்னாடி 'வண்டி' என்று சேர்த்திருந்தான். எல்லாம் ஆங்கில எழுத்தில்.

ஒவ்வொரு தடவை தம்பி தோற்கும்போதும் திரையில் அந்த வரி ஓடும். மக்காத குப்பை இவனை வீழ்த்தியது. அப்பா பேரு போட்ட வண்டி இவனை வீழ்த்தியது. இவன் அவங்களைச் சுட்டாலும் அதே பேருதான் ஓடும். ஜெயிச்சாலும் தோத்தாலும் அப்பா பேரு. சனி, ஞாயிறு சாயங்காலம் முழுக்க. திங்கட்கிழமை காலையில் அதே மூணு பேர் பக்கத்து பெஞ்சில்.

ஏன் அந்த அறைக்குப் போறே, போகாம இருந்தா என்ன என்று பெரியவங்க நமக்குக் கேட்கத் தோணும். போகலைன்னா பயந்துட்டான்னு திங்கட்கிழமை சொல்லுவாங்க. பதினோரு வயசில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது நமக்கு மறந்துபோச்சு.

அக்கா இன்னொன்று சொன்னாள். போன வருஷம் அதே கேமில் அவளும் ஒரு கணக்கு தொடங்கப் பார்த்திருக்கிறாள். பேரு போட்ட உடனே, பொருத்தமற்ற சொல் உள்ளது என்று வந்திருக்கு. நாலு தடவை ஸ்பெல்லிங் மாத்திப் பார்த்து விட்டுட்டா.

"என் பேரைத்தான் வேணாம்னு சொல்லுச்சு டாக்டரம்மா. இவனுங்க பேரு எல்லாம் ஓகேவாம்."

நான் எத்தனையோ வருஷமா படிச்ச ஸ்கிரீனிங் டெஸ்ட் பாடத்தை, ரெண்டு விதத் தப்பையும் சேர்த்து, அந்தப் பொண்ணு ஒரே மூச்சில் சொல்லிட்டா.

இதில் இன்னும் யோசிச்சுப் பாருங்க. அந்த மூணு பேரில் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. 'மக்கும் குப்பை, மக்காத குப்பை' என்பது நம்ம தெருச் சுவரிலும் தொட்டியிலும் அரசாங்கமே எழுதி வச்சிருக்கிற வாசகம். உலகத்திலேயே சிறந்த தடைப்பட்டியலைத் தமிழில் தயாரித்தாலும் அதில் குப்பை என்ற சொல் இருக்காது, இருக்கவும் கூடாது. விஷம் சொல்லில் இல்லை. அந்தச் சொல்லை யார், யார் முன்னாடி, எதுக்காகப் போடுறாங்க என்பதில் இருக்கு. எழுத்துத் துண்டு தேடுகிற மென்பொருள் அதை எந்தக் காலத்திலும் பிடிக்காது.

சாதிப் பெயரும் இப்படித்தான். சர்டிபிகேட்டில் இருக்கும்போது அது ஒரு விவரம். ஒருத்தனை அடிக்க எடுக்கும்போது அதே சொல் செருப்பு.

அக்கா அந்தப் பேர்களைப் பற்றிக் கேமில் புகாரும் கொடுத்திருந்தாள். விதிமீறல் ஏதும் இல்லை என்று பதில் வந்திருந்தது. எந்த ஊரில் உட்கார்ந்து யார் பார்த்தாரோ, எந்த இயந்திரம் பார்த்ததோ, அதுக்கு அது ஏதோ ஒரு புரியாத மொழிச் சொல். அவ்வளவுதான்.

நேரடித் தமிழ்க் கெட்ட வார்த்தைகளுமே சுலபமா தப்பிச்சுப் போகும். ஏன்னா அதை ஆங்கில எழுத்தில் பத்து விதமா எழுதலாம். 'ழ'வுக்கு ஒருத்தர் ஒண்ணு போடுவார், இன்னொருத்தர் வேற போடுவார். நெடிலுக்கு ஒரு எழுத்தா ரெண்டு எழுத்தா என்று நமக்குள்ளேயே ஒத்துமை கிடையாது. பட்டியலில் ஒரு ஸ்பெல்லிங் இருந்தால் மீதி ஒன்பது வழி திறந்திருக்கு.

அப்ப தமிழ் எழுத்திலேயே பேரு வச்சா? அங்கே வேற கூத்து.

கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து யூனிகோடு முறையில் பதிவாகிறது. நமக்கு 'காயத்ரி' நாலு எழுத்து. யூனிகோடுக்கு ஏழு குறிகள்: க, துணைக்கால், ய, த, புள்ளி, ர, இகரக் கொக்கி. இதில் துணைக்கால், கொக்கி, புள்ளி மூன்றையும் யூனிகோடு 'எழுத்து' என்ற வகையில் சேர்க்கவில்லை. 'குறி' என்று தனி வகை வச்சிருக்கு. இப்ப ஒரு கேம் எழுதுகிறவர் "பெயரில் எழுத்துகள் மட்டும் அனுமதி" என்று விதி போட்டால், குறிகள் எல்லாம் வெளியே. காயத்ரி 'கயதர' ஆயிருவா. கார்த்திக் 'கரததக' ஆயிருவான். இல்லைன்னா பேரே வேண்டாம்னு திருப்பி அனுப்பிரும். யாருக்கும் தமிழ் மேல கோபம் எல்லாம் இல்லை. ஆங்கிலத்துக்குச் சரியா இருந்த ஒரு வரியை யாரும் புள்ளி வச்ச எழுத்தில் சோதிச்சுப் பார்க்கலை, அவ்வளவே.

நீளத்துக்கும் அதே கதை. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் பேரு 12 எழுத்துக்குள்ள இருக்கணும். ஆங்கிலத்தில் அது ஓரளவு தாராளம். தமிழில் எதை எண்ணுறாங்க என்பதைப் பொறுத்தது. கார்த்திக் நமக்கு ஐந்து எழுத்து, யூனிகோடுக்கு பத்துக் குறி, சேமித்து வைக்கிற பைட் கணக்கில் பெரும்பாலும் முப்பது. எண்ணுகிறவன் எதை எண்ணுறான்?

(ஆஸ்பத்திரி மென்பொருளில் 'கடைசிப் பெயர்' என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது. நம்ம ஊரில் பாதிப் பேருக்குக் கடைசிப் பெயரே கிடையாது, இனிஷியல்தான். பதிவு கவுண்டர் பொண்ணு ஒரு புள்ளியைத் தட்டி விட்டுட்டுப் போயிருவா. தமிழ்நாட்டில் எத்தனை நோயாளிகளுக்குக் குடும்பப் பெயர் 'புள்ளி' என்று பதிவாகியிருக்கோ, அது தனிப் பதிவு போட வேண்டிய விஷயம்.)

இந்த வடிகட்டிகளைப் பசங்க எப்படித் தாண்டுறாங்கன்னு பார்த்தா பிரமிப்பா இருக்கும். எழுத்துக்குப் பதில் எண் போடுவாங்க. கணிதக் குறியீடுகளில் இருக்கிற அலங்கார எழுத்துகளை எடுத்துப் போடுவாங்க. கொரிய எழுத்துத் தொகுப்பில் ஒரு நிரப்பு எழுத்து இருக்கு. திரையில் வெறும் இடமாத்தான் தெரியும், ஆனா கம்ப்யூட்டருக்கு அது எழுத்து. அதை வச்சுப் பேரே இல்லாத மாதிரி நடமாடுகிற பசங்க உண்டு. எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது காய்ச்சலுக்கு வந்த ஒரு எட்டாம் வகுப்பு.

கம்பெனிகளும் சும்மா இல்லை. தடைப்பட்டியல் வேலைக்கு ஆகலைன்னு அனுமதிப்பட்டியல் போட்டுப் பார்த்தாங்க. அதாவது, இந்த நல்ல சொற்களை மட்டும்தான் பயன்படுத்தலாம். டிஸ்னி நிறுவனம் 1990-களில் குழந்தைகளுக்கான ஒரு இணைய உலகத்துக்கு இப்படி வாக்கியம் கோர்க்கிற கருவி ஒன்றைச் சோதித்தது. முழுக்கத் தங்கமான சொற்கள். ஒரு பதினாலு வயசுப் பையனை உட்கார வச்சாங்க. கொஞ்ச நேரத்தில் ஒட்டகச்சிவிங்கி, முயல் இந்த ரெண்டை வச்சே கேட்கக் கூசுற வாக்கியம் ஒண்ணு செஞ்சு காட்டிட்டான். கடைசியில் முழு வாக்கியங்களையே ஆயத்தமா கொடுத்து, அதில் ஒன்றைத் தொடு என்கிற வழிக்குப் போனாங்க.

"அப்ப எல்லாரும் நிஜப் பேரைத்தான் போடணும்னு சட்டம் வச்சா திட்ட மாட்டாங்கல்ல?" என்று ஒரு கேள்வி எப்பவும் வரும். 2010 ஜூலையில் பிளிஸார்டு கம்பெனி அதைத்தான் அறிவிச்சது, தன் விவாதப் பக்கங்களில் எல்லாரும் உண்மைப் பெயரோடு எழுதணும்னு. அவங்க ஊழியர் ஒருத்தர் முன்மாதிரியா தன் உண்மைப் பேரைப் போட்டார். அதை வச்சு அவரோட சொந்த விவரங்களை எல்லாம் தோண்டி எடுத்து வெளியே போட்டுட்டாங்க. சில நாளில் அந்தத் திட்டத்தையே கைவிட்டாங்க.

எனக்கு வடிகட்டியே வேண்டாம் என்ற கருத்து கிடையாது. குழந்தைகள் விளையாடுற ரோப்லாக்ஸ் மாதிரி இடங்களில் கெட்ட சொல்லும், போன் நம்பர், முகவரி மாதிரி விவரங்களும் வெறும் கட்டக் குறிகளா மாறிரும். அது நல்லது. முகம் தெரியாத ஒருத்தன் ஒரு குழந்தையோட நம்பரை வாங்கிட்டுப் போறதைத் தடுக்கிற எதுவும் எனக்குச் சம்மதம். ஆனா அது கொசுவலை மாதிரி. வலை கட்டியாச்சுன்னு தண்ணி தேங்குறதைப் பார்க்காம விட முடியுமா?

தம்பி கதைக்கு வர்றேன். அம்மா முதல்ல சொன்னது, "போனை உடைச்சுப் போட்டுடறேன் டாக்டரம்மா." வேண்டாம்னேன். தப்பு பண்ணினது மூணு பேர், விளையாட்டு பறிபோறது இவனுக்கா? அப்புறம் எந்தக் குழந்தை அடுத்த தடவை வாயைத் திறந்து சொல்லும்?

அப்பா அதுவரைக்கும் பேசவே இல்லை. வேலை முடிஞ்சு நேரா வந்திருந்தார். ஸ்கிரீன்ஷாட்டை அவரும் பார்த்தார். மகன் பக்கம் திரும்பி, "இதுக்காடா வலிச்சுது?" என்று மட்டும் கேட்டார். அவன் அழுதான். ரெண்டு மாசத்தில் அவன் அழுததே அப்பதானாம்.

ஸ்கிரீன்ஷாட்டை எடுத்துக்கிட்டுப் போய் வகுப்பு ஆசிரியையைப் பார்க்கச் சொன்னேன். நல்ல டீச்சர். அசெம்பிளியில் நிறுத்திப் பாடம் நடத்தலை. மூணு பசங்களையும் தனித்தனியா கூப்பிட்டு, அந்தப் பேரைச் சத்தமா படிக்கச் சொல்லியிருக்காங்க. முதல் ஆளுக்குக் குரலே வரலையாம். ரெண்டு பேர் அன்னைக்கே பேரை மாத்திட்டாங்க. மூணாமவன், பேர் மாத்துறதுக்கு கேமில் ஒரு கார்டு வாங்கணும், காசு ஆகும்னு சொன்னானாம். அப்புறம் புதுக் கணக்கு தொடங்கிட்டான்.

தம்பிக்கு வலி முழுசா போயிருச்சுன்னு சொன்னா அது பொய். குறைஞ்சிருக்கு. பரீட்சை நேரத்தில் இன்னும் வருது. அப்படித்தான் குறையும். ஒண்ணு மட்டும் பெற்றோர் எல்லாரும் தெரிஞ்சுக்கணும். இந்த வகை வலி நடிப்பு இல்லை. மனசில் இருக்கிற அழுத்தத்துக்குக் குடலும் நரம்பும் சேர்ந்து கொடுக்கிற நிஜமான வலி. "சும்மா டிராமா பண்றான்"னு சொல்லிறாதீங்க.

பிள்ளைகளின் கேம் பேரை ஒரு தடவை கேட்டுப் பாருங்க. சோதனை போடுற மாதிரி இல்லாம, சும்மா ஆசையா. கூட விளையாடுறவங்க பேரு என்னன்னும் கேளுங்க. பேருக்குள்ள பிறந்த வருஷம் வேண்டாம். பேரோட 2014 என்று சேர்த்தால் அது வயசை உலகத்துக்கே சொல்ற மாதிரி. பள்ளிக்கூடப் பேரு, ஊர்ப் பேரு, முழுப்பேரு வேண்டாம். காயத்ரிக்கு நானும் வேற பேரு வச்சுக்கச் சொல்லித்தான் இருப்பேன், பாதுகாப்புக்காக. ஆனா "உன் பேரு கெட்ட வார்த்தை" என்று சொல்லி இருக்க மாட்டேன்.

ஏதாவது நடந்தால் அழிக்கறதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ஷாட் எடுங்க. பெரியவங்க யாராவது மிரட்டுறாங்க, படம் கேட்கிறாங்க என்றால் பள்ளிக்கூடத்தோட நிற்காதீங்க. குழந்தைகள் உதவி எண் 1098. சைபர் குற்றங்களுக்கு 1930.

கேம் எழுதுகிற நம்ம ஊர்த் தம்பி தங்கச்சிகள் யாராவது இதைப் படிச்சா: உங்க பெயர்க் கட்டத்தில் காயத்ரியை ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒரு தடவை போட்டுப் பாருங்க. புள்ளி விழாம வருதான்னு பாருங்க. புகாரைப் பார்க்கிற இடத்தில் தமிழ் தெரிஞ்ச ஒரு ஆளை உட்கார வைக்க உங்க மேலாளர்கிட்ட சண்டை போடுங்க.

கடைசியா ஒண்ணு. இதைப் படிச்சுட்டு எல்லா வயித்து வலிக்கும் கேம்தான் காரணம்னு வீட்டிலேயே முடிவு பண்ணிறாதீங்க. வலி குழந்தையைத் தூக்கத்திலிருந்து எழுப்பினால், எடை குறைஞ்சால், காய்ச்சல் வந்தால், மலத்தில் ரத்தம் வந்தால், வாந்தி பச்சையா வந்தால், வலி தொப்புளை விட்டு வலது பக்கம் கீழே இறங்கினால், அன்னைக்கே டாக்டரைப் பாருங்க.